எல்மரின் தளம்

தோமாசா புரிசாகா தன் கடைக்குட்டி மகனுக்காகப் போட்ட தளம், மறுநாள் காலையில் தன் மூட்டைகளுக்கே திரும்பிப் போயிருந்தது. சிமெண்டு காகிதப் பைகளுக்குள் இருந்தது. பிரித்த தையல் மறுபடி போடப்பட்டிருந்தது. மணல் மணல் குவியலில் கிடந்தது, ஜல்லி ஜல்லிக் குவியலில். தண்ணீர் தெருவோரப் பீப்பாய்களில் விளிம்பு வரை நின்றது. மாடிக்கு மேல் அடித்திருந்த பலகைகள் கழுவித் துடைத்த மாதிரி வெறுமனே கிடந்தன. தளம் போட வந்தவர்கள் தின்ற கோழிகளும் குடித்த பீரும் மட்டும் திரும்பி வரவில்லை. அது புனித பேதுரு திருவிழாவுக்கு அடுத்த வாரம். கானாங்கெளுத்தி மலிவாகக் கிடைத்த வருடம்.

பெரு நாட்டின் கடலோர ஊரான புவெர்த்தோ லோபோவில் தளம் போடுவது தனிப்பட்ட காரியமில்லை. தெருவே வந்து நிற்கும். ஆண்கள் ஏணியில் வரிசையாக நின்று சாந்துச் சட்டிகளைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். பெண்கள் அண்டாவில் கோழிச் சாறு கொதிக்க வைத்து, மரவள்ளிக் கிழங்கு அவித்து, சிச்சாக் கள்ளை வாளியில் மொண்டு ஊற்றுவார்கள். கடைசிச் சட்டி கொட்டியதும், ஞானஸ்நானம் பெறும் பிள்ளைக்கு இருப்பது போல அந்தத் தளத்துக்கும் ஞானத்தந்தையாக அழைக்கப்பட்டவர், ரிப்பன் கட்டித் தொங்கவிட்ட மதுப்புட்டியைச் சுத்தியலால் உடைப்பார். பிறகு பாட்டும் ஆட்டமும். எத்தனை தளம் போட்டாலும் மூலைக்கு மூலை கம்பிகளை ஆளுயரத்துக்கு நீட்டி விட்டுவிடுவார்கள், அடுத்த தளத்துக்காக. கம்பி நீட்டாத வீட்டைப் பார்த்தால், பாவம், இவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போவார்கள். தலைநகர் லிமாவிலிருந்து வருகிறவர்கள் இதைப் பாதியில் நின்றுபோன ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளூரில் அப்படி யாரும் நினைத்ததில்லை. இங்கே வீடு என்பது முடிகிற பொருள் அல்ல.

ஊரில் இருந்த ஒரே கலவை மெஷின் தோமாசாவுடையது. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு வாங்கிய மெஷின் அது. சிவப்புப் பெயிண்ட் அடித்தது, சுற்றும்போது தெருக்கோடி வரை சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தாள். ஆளுக்கொரு தளம் என்று அவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தாள், இரண்டு பேருக்கு நிறைவேற்றியும் விட்டாள். மூத்தவன் அனிபாலுக்குக் கீழ்வீடு. அதன் முன்னறையில் அவன் வலை, தூண்டில், நைலான் கயிறு விற்றான், பின்னறை ஒன்றில் தாயும் இருந்தாள். நடு மகள் ஸோய்லாவுக்கு மாடி; அங்கே அவள் புருஷனும் இரட்டைப் பெண் குழந்தைகளும். கடைசி மகன் எல்மர் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். கரையில் இருக்கிற நாட்களில் மாடிப்படிக்கு அடியில் தொட்டில் வலை கட்டித் தூங்கினான். பள்ளிச் சீருடை தைக்கிற நெரெய்தாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகியிருந்தது. படிக்கு அடியில் குடித்தனம் நடத்த என்னால் ஆகாது, தளம் போட்ட அன்றைக்கு மோதிரம் போடு என்று அவள் நேராகவே சொல்லியிருந்தாள். ஆகவே அந்தத் தளம் இறுகுவதில்தான் எல்மரின் கல்யாணம் இருந்தது.

தோமாசா அடுத்த வாரமே மறுபடி போட்டாள். சிமெண்டு மறுபடி மூட்டைக்குப் போனது. வேறு கம்பெனிச் சிமெண்டு வாங்கினாள். அதுவும் போனது, அதனதன் பைக்கு, தப்பாமல். இதற்குள் ஊர் முழுக்க இதே கதை. பேக்கரிக்காரர் போட்ட மேல்தளம், வாத்தியார் வீட்டு மொட்டை மாடிச் சுவர், மீன்தூள் ஆலையின் புதிய புகைபோக்கி, எல்லாம் பொழுது விடிந்தால் அடுக்கி வைத்த சாமான்களாக இருந்தன. மாதா கோயிலின் இரண்டாவது மணிக்கூண்டு மூன்று தலைமுறையாக வராமலே இருந்ததால் அங்கே மட்டும் யாரும் வித்தியாசம் காணவில்லை. இருக்கிற உயரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு சாண் கூட ஏறவில்லை. கடல் உப்பு என்றார்கள், கலப்பட மணல் என்றார்கள், ஊர்ப் பாவம் என்று பாதிரியார் சொன்னார். பாவத்துக்கும் ஊருக்கும் பழைய பழக்கம், இப்போது மட்டும் ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

தலைநகரிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். நல்ல மனிதர், வேலையை ஒழுங்காகச் செய்தார். அதே கலவையைக் கீழே தரையில் கொட்டினார், பாறையாக இறுகியது. மேலே கொட்டினார்; காலையில் இல்லை. சரி, நானே காவல் இருக்கிறேன் என்று தோமாசா வீட்டு மேலே ஈரத் தளத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். விடிந்து பார்க்கும்போது வெறும் பலகை மேல் நாற்காலி, நாற்காலி மேல் எஞ்சினியர், அவருடைய காலணிகளில் ஒரு பொட்டுச் சாந்து இல்லை. கண் மூடவே இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் குரலைக் கேட்டவர்கள் நம்பினார்கள். காப்பி குடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறிப் போனார்.

அதன் பிறகு ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த தளத்துக்காகவே இத்தனை வருடம் ஓடிய ஜனங்களுக்குச் சாயங்காலங்களில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆண்கள் மொட்டை மாடியில் ஏறி நான்கு கம்பிகளையும் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஒரு சந்தேகம் கிளம்பி, தாய்மார்கள் பிள்ளைகளைக் கதவு நிலையில் நிறுத்தி அளவு குறித்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டுதான் இருந்தார்கள், நகமும் முடியும் வம்பும் கூட. கொஞ்சம் மூச்சு வந்தது. தோமாசாவோ சனிக்கிழமை தோறும் மெஷினுக்கு எண்ணெய் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறுமனே ஓட விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் பௌலினோ பாந்தா, ஊரில் பாதித் தளங்களுக்கு ஞானத்தந்தையாக இருந்து புட்டி உடைத்தவர், தலைவலிக்கிறது என்று சொல்ல ஒருமுறை வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு வருடம் எல்மர் பொறுத்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது அண்ணனிடம் முன்னறையைக் கேட்டான். முழுதாகக் கூட இல்லை, தடுத்துப் பாதி. அனிபால் கெட்டவன் இல்லை, ஆனால் தன்னுடையது என்று ஒன்றைப் பிடித்துவிட்டால் விரல் விரியாது. மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னான்:

"அம்மா உனக்கு மேலதான் தர்றேன்னு சொன்னா. மேல போய்க் கேளு."

ஸோய்லா குனிந்து குழந்தைகளுக்கு முள் எடுத்தாள். அவளிடமும் உபரியாக ஓர் அறை இருந்தது, கட்டில் கூடப் போடாமல். எல்லோரும் தாயைப் பார்த்தார்கள். இந்த ஒரு கணத்தில் தோமாசா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவளுக்குப் பங்கு போடத் தெரியாது, கூட்டத்தான் தெரியும். பிள்ளைகளுக்குள் சண்டை வந்த ஒவ்வொரு தடவையும் மேலே ஒரு தளத்தைக் காட்டியே அமர்த்தியவள் அவள்.

"கொஞ்சம் பொறுடா. குளிர் காலம் போகட்டும், இறுகிடும்."

"நீ ஆகாசத்தக் காட்டியே எங்கள வளத்துட்டம்மா," என்றான் எல்மர். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. தொட்டில் வலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஊருக்கு வடக்கே ஒரு காய்ந்த ஆறு. எல்மர் பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் வந்ததில்லை. பையன்கள் அங்கே பந்து விளையாடுவார்கள், அதை ஆறு என்று கூப்பிடுவதே ஒரு மரியாதைக்குத்தான். இடம் கிடைக்காத இளசுகள் அந்த மணலில் நாணல் பாய்களைக் கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தார்கள். எல்மரும் நெரெய்தாவும் அங்கே ஒரு குடிசை போட்டு, பாதிரியாரை அழைத்து, சாயம் போன பாய்ச் சுவர்களுக்கு நடுவே கல்யாணம் செய்துகொண்டார்கள். தோமாசா போனாள், சாப்பிட்டாள், அண்ணாந்து பாயின் இடுக்கு வழியாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து உடை மாற்றாமலே மெஷினைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். எத்தனையோ முறை மேலே போய்த் திரும்பி வந்த அந்த மூட்டைகளைப் பிரித்துக் கொட்டினாள், கலக்கினாள். கலந்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மெஷினைச் சாய்த்துத் தன் வாசலிலேயே கவிழ்த்தாள்.

"மேல போக மாட்டேல்ல. இங்கயே கெட."

சாயங்காலத்துக்குள் அது இறுகிவிட்டது, கடப்பாரைக்கு அசையாமல். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு; வீட்டுக்குள் போகிறவர்கள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அனிபாலின் வாடிக்கைக்காரர்கள் தடுக்கி விழுந்து திட்டினார்கள். தோமாசா அதைச் சீராக்கிப் படி கட்டினாள், பிறகு மேடையை வீட்டைச் சுற்றிலும் நீட்டினாள். கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். தோன் பௌலினோ வந்து தனக்கும் ஒன்று கேட்டார். பேக்கரிக்காரர் தன் வாசலில் எப்போதும் தேங்கும் கழுநீருக்கு ஒரு வாய்க்கால் கேட்டார். அந்த வாய்க்காலை அடுத்த தெருக்காரர்கள் இழுத்துக் கடல் வரை கொண்டுபோனார்கள். குடிதண்ணீர் லாரி நாள் கணக்கில் வராததால் சந்தை மைதானத்தில் பூமிக்கடியில் ஒரு தொட்டி தோண்டிப் பூசினார்கள். இரண்டு வருடத்தில் ஊரின் சிமெண்டெல்லாம் கீழே இறங்கியது. வரப்போகிற எதற்கும் இது ஏற்பாடு என்று ஒருவரும் நினைக்கவில்லை. மேலே இறுக ஆரம்பிக்கிற வரைக்கும் பொழுது போக வேண்டுமே என்றுதான் செய்தார்கள். தோமாசாவுக்கு அந்த வேலைகள் மேல் மரியாதையே இல்லை. சாக்கடைக்கு எவன் ஞானத்தந்தையாக வந்து புட்டி உடைப்பான் என்று கேட்டுக்கொண்டே வாய்க்கால் போட்டாள். எல்மரின் பெயரை மட்டும் வாயில் எடுப்பதில்லை.

பிறகு ஒரு கோடையில் கடல் சூடாயிற்று. குளிக்க இறங்கியவர்கள் வெந்நீர் என்றார்கள். நெத்திலி தெற்கே போய்விட்டது, ஆலையின் புகை நின்றது, எல்மரின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. அப்புறம் மழை. கிழவர்கள் மட்டும் பார்த்திருந்த மழை. கூரைக்குச் சரிவு வைக்கத் தெரியாத ஊரில் விடாமல் பெய்தது. வாய்க்கால்கள் மூச்சு முட்ட ஓடின. நான்காம் நாள் காலையில் ஆறு தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. பந்து விளையாடின மணலில் மரங்களும் செத்த கழுதைகளும் மிதந்து போயின.

தோமாசா அந்தக் காலையில் பட்டது சொல்லி முடியாது. மாடியில் ஏறி வடக்கே பார்த்தாள். நாணல் பாய் ஒன்று கூடத் தெரியவில்லை. கீழே இறங்கினாள், தெருவில் கால் வைத்தாள், தண்ணீர் இழுத்தது, ஸோய்லாவின் புருஷன் பிடித்து உள்ளே தள்ளினான். மறுபடி மேலே ஏறினாள். ஆளுக்கொரு தளம் என்று சொன்ன வாயை அறைந்துகொண்டாள். முன்னறையைக் கொடுடா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிள்ளை இங்கே இருந்திருப்பான், ஒரே ஒரு சொல் என்று அவள் அழுததை, அங்கங்கே மாடியில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

மத்தியானம் எல்மர் வந்தான். இடுப்பளவுத் தண்ணீரைக் கடந்து, தலை மேல் நெரெய்தாவின் தையல் மெஷினைச் சுமந்துகொண்டு, அவன் இடைவாரைப் பிடித்தபடி பின்னால் நெரெய்தா, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு. வாசல் மேடை வரை வந்து நின்றுவிட்டான். அங்கே தண்ணீர் முழங்காலளவுதான், மேடையின் விளிம்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் உள்ளே வரவில்லை. அந்த மேடை இல்லாதிருந்தால் கீழ்வீடு காலையிலேயே போயிருக்கும். அனிபால் வாசலில் நின்றான். கையை நீட்டித் தையல் மெஷினை வாங்கிக்கொண்டான். தண்ணீர் மேடையைத் தாண்டுவதற்குள் கடையின் வலையும் கயிறும், தோமாசாவின் கட்டிலும், அரிசி மூட்டையும் மாடிக்குப் போய்விட்டன. சிவப்புக் கலவை மெஷினைத் தூக்க முடியவில்லை. அதைப் படிக்கட்டுக் கம்பியோடு கட்டிப் போட்டார்கள்.

எல்லோரும் ஸோய்லாவின் வீட்டில் ஈரத்தோடு நின்றார்கள். அனிபால் எங்கே உட்காருவது என்று பார்த்தான்.

"அண்ணே, எடம் வேணும்னா மேல போய்க் கேக்கணும்," என்றாள் ஸோய்லா.

முதலில் சிரித்தது நெரெய்தா. பிறகு அனிபாலே சிரித்துவிட்டான், காது வரை சிவந்து. அதற்கப்புறம் அடுக்களை வாசலில் பாயை விரித்துக்கொண்டான்.

மழை இரண்டு மாதம் நீடித்தது. அத்தனை பேரும் ஒரே தளத்தில் இருந்தார்கள். படகில் செய்வது போல எல்மர் முறை போட்டுக் கொடுத்தான்: ஒரு கட்டிலில் இருவர் பொழுது மாற்றித் தூங்குவது. சாப்பிட்டு முடிந்ததும் மேசை தையல் மெஷினுக்கு. அனிபாலின் சரக்கெல்லாம் கூரையிலிருந்து தொங்கியது. ஆள் உயரத்துக்கு மேலே எவ்வளவு இடம் சும்மா கிடந்தது என்று அவனே ஆச்சரியப்பட்டான். சண்டை வந்தது, தினமும் வந்தது, ஆனால் காட்டுவதற்கு ஆகாசம் இல்லாததால் சண்டை அன்றைக்கே முடிய வேண்டியிருந்தது. மாடிக்கு மாடி நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் கயிறு கட்டி, பலகை போட்டு, அண்டாவும் மருந்தும் பாதிரியாரும் போய் வந்தார்கள். சந்தை மைதானத்துத் தொட்டியின் மூடி இறுக்கமாக இருந்ததால் குடிக்கத் தண்ணீர் கெடவில்லை.

வெள்ளம் வடிந்ததும் அனிபால் கீழே போய்ச் சேற்றை வாரினான். பிறகு சுத்தியலை எடுத்து முன்னறைப் பக்கவாட்டுச் சுவரில் தானாகவே ஒரு வாசல் இடித்தான். சரக்கைத் தொங்கவிட்டால் பாதி அறை போதும் என்றான், கணக்குச் சொல்வது போல. மீதிப் பாதி எல்மருக்கும் நெரெய்தாவுக்கும். ஸோய்லாவின் கட்டில் போடாத அறையில் தாயும், பிறக்கப் போகிற பிள்ளையின் தொட்டிலும். தோமாசாவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு மகனின் இடம் இப்படிச் சத்தமில்லாமலா வருவது? மிஞ்சியிருந்த இரண்டு கோழிகளைப் பிடித்தாள், வேலி தாண்டிப் போய்த் தோன் பௌலினோவை அழைத்தாள்.

"கதவுக்கா ஞானத்தந்த?" என்றார் அவர்.

"தளத்துக்கு வந்தீங்க. கதவுக்கு வர மாட்டீங்களோ?"

வந்தார், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. நிலையில் தொங்கிய புட்டியை அவர் உடைத்தபோது நெரெய்தா அழுதுவிட்டாள். அந்த வருடத்திலிருந்து ஊரில் கதவுகளுக்கு ஞானத்தந்தைகள் வந்தார்கள், பிறகு கிணறுகளுக்கு, கடைசியில் வாய்க்கால்களுக்கும். பேக்கரிக்காரர் வீட்டு வாய்க்காலுக்கு நகராட்சித் தலைவரே வந்து புட்டி உடைத்துத் தன் கால்சட்டையை நனைத்துக்கொண்டார். வருடங்கள் போயின. கம்பிகளில் அவரைக்கொடி ஏறியது, பழைய வலைகளைக் கட்டித் தெருவுக்கு நிழல் போட்டார்கள். ஆலை பாதி ஓடியது, நெத்திலி வந்தால் பிடித்தார்கள், வராத வருடம் படகைப் பூசினார்கள். எல்மரின் மகள் நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. தொட்டி மூடிக்குப் பூசின கலவையின் மிச்சத்தோடு சட்டியைத் தோமாசா மொட்டை மாடியில் வைத்து மறந்திருந்தாள், காற்று அதைக் கவிழ்த்திருந்தது. மறுநாள் துணி காயப்போட ஏறியவள் காலில் அது இடித்தது. தென்கிழக்கு மூலைக் கம்பிக்குப் பக்கத்தில், ரொட்டித் துண்டளவுக்கு, தளத்தோடு தளமாக இறுகிக் கிடந்தது. குதிகாலால் உதைத்தாள். கீழே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து அடித்தாள். பொறி பறந்தது, பொருக்கு உதிரவில்லை.

ஈரத் துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆசையாக இருந்தது, அதை மறைப்பானேன். மெஷின் துரு சுரண்டி எண்ணெய் போட்ட நிலையில் கீழே இருந்தது, அவள் கையிலும் இன்னும் ஒரு தளத்துக்குத் தெம்பு இருந்தது. சொல்ல வேண்டியதுதான், தெரு முழுக்க ஏணியில் வந்து நிற்கும். எல்மர் தன் தளத்தைக் கேட்பான், கேட்பதில் நியாயம் உண்டு. அனிபால் அந்த வாசலை அடைப்பான். ஸோய்லா தன் அறையைப் பூட்டுவாள். அதன் மேல் எல்மர் கம்பி நீட்டுவான், தன் மகளுக்கு. வெகு நேரம் கம்பிகளுக்கு மேலே இருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, கைப்பிடிச் சுவரோரம் இருந்த மிளகாய்ச் செடித் தொட்டியை, மண்ணோடு கனத்த தொட்டியை, அடிமேல் அடி வைத்து இழுத்துக்கொண்டு போய் அந்த இடத்தின் மேல் வைத்தாள்.

நிமிர்ந்தபோது அடுத்த மாடியில் தோன் பௌலினோ ஒரு துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் துளசி வைக்காத இடம், காற்றடிக்கும் நட்டநடு மாடி. அதற்கப்பால் பேக்கரிக்காரர் மாடியில் ஒரு தொட்டி கவிழ்ந்து கிடந்தது. வாத்தியார் மாடியில் உடைந்த நாற்காலி. கடல் வரை தெரிந்த மாடிகளில் எல்லாம், வைக்க அவசியமே இல்லாத ஓரிடத்தில், ஏதோ ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சில செடிகள் ஆளுயரம் வளர்ந்திருந்தன.

"என்ன தோன்யா தோமாசா, செடிக்கு எடம் மாத்தியாச்சா?"

"ஆமா தோன் பௌலினோ. அங்க வெயில் பத்தல."

அந்த ஊரில் வெயில் பற்றாத இடமே கிடையாது. அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கும் அப்படித்தான் ஆச்சு. மூணு வருஷம் இருக்கும்."

கானாங்கெளுத்தி இன்றைக்கு நன்றாக வந்திருக்கிறது, போனவாரத்துக்குப் பாதி விலை என்றும் சொன்னார். தோமாசா துணியைக் கம்பிகளுக்கு நடுவே கட்டின கொடியில் உதறிப் போட்டாள். கீழே தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது. மேசையைத் துடைத்துச் சாப்பாடு வைக்கிற நேரம் என்று இறங்கிப் போனாள்.